கௌட் நோய்: வலி நீங்குவதும் நோய் நீங்குவதும் ஒன்றல்ல

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வார இறுதியில் உறவினர் வீட்டு விருந்தில் ஆட்டிறைச்சியும் இறாலும் உண்டு, இரண்டு போத்தல் பியரும் அருந்திவிட்டு உறங்கச் செல்கிறார் எனக் கொள்வோம். நள்ளிரவுக்குப் பின் காற்பெருவிரலின் அடிமூட்டில் தீப்பட்டது போன்ற வலி அவரை எழுப்பிவிடுகிறது. மூட்டு சிவந்து, வீங்கி, சூடேறியிருக்கிறது. போர்வை பட்டாலும் தாங்க முடியவில்லை. மறுநாள் வீட்டிலுள்ளோர் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்கின்றனர். ஒருவர் வெந்தயம் ஊறிய நீரையும், மற்றொருவர் மஞ்சள் பாலையும், வேறொருவர் முடக்கொத்தான் இரசத்தையும் கொடுக்கின்றனர். பத்தாம் நாள் வலி முற்றாக நீங்கிவிடுகிறது. கைவைத்தியம் பலித்துவிட்டது என்று குடும்பம் முழுவதும் நம்புகிறது.

இந்நோயில் பலரைத் தவறான வழியில் இட்டுச்செல்வது அந்த நம்பிக்கையே. கௌட் தாக்கம் எந்த மருந்தும் இல்லாமலே பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தானாக அடங்கும் இயல்புடையது. எனவே கடைசியாக எதை உட்கொண்டாரோ அதற்கே பெருமை சேர்கிறது. இது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகும். வலி நீங்கியது உண்மை. ஆனால் அதற்குக் காரணமான படிகங்கள் மூட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அடுத்த தாக்கம் ஓராண்டுக்குப் பின் வரலாம். அடுத்த மாதமே வரவும் கூடும்.

இயற்கை வைத்தியத்துக்கு இந்நோயில் இடமுண்டா, உண்டெனில் எவ்வளவு, அது எங்கே முடிந்து மருத்துவரின் பணி எங்கே தொடங்குகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர் பற்றிய தெளிவு

தமிழ் நூல்களில் கௌட் நோய் கீல்வாதம் எனக் குறிக்கப்படுவதுண்டு. ஆனால் பேச்சு வழக்கில் முதுமையால் வரும் மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் உள்ளிட்ட எல்லா மூட்டு நோய்களையும் கீல்வாதம் என்றே சொல்கின்றனர். இவற்றின் காரணங்களும் வேறு, மருந்துகளும் வேறு. ஒருவரின் கீல்வாதத்துக்குத் தரப்பட்ட மாத்திரையை இன்னொருவர் தம் கீல்வாதத்துக்கு உட்கொள்வது இதனால் ஆபத்தாகிறது. குழப்பத்தைத் தவிர்க்க இங்கே கௌட் என்ற சொல்லே ஆளப்படுகிறது. மருத்துவரிடமும் அவ்வாறே குறிப்பிடுவது நன்று.

நோய் உண்டாகும் விதம்

உடலின் உயிரணுக்களிலும் சில உணவுகளிலும் பியூரின் என்னும் பொருள் உண்டு. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. இவ்வமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகங்கள் வழியாகவும், எஞ்சியது குடல் வழியாகவும் வெளியேறுகிறது. வெளியேற்றம் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு உயரும். ஓர் எல்லைக்கு மேல் அது கரைந்த நிலையில் இருக்க இயலாமல் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக மூட்டுகளில் படியும். படிகங்களை உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி எதிர்க்கும்போது எழும் அழற்சியே கௌட் தாக்கம்.

கௌட் உள்ளோரில் மிகப் பெரும்பாலானோருக்குக் காரணம், சிறுநீரகங்கள் யூரிக் அமிலத்தைப் போதியளவு வெளியேற்றாமையே. பரம்பரை இதில் பெரும்பங்கு வகிக்கிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடற்பருமன், சிறுநீரக நோய் ஆகியன அதனோடு சேர்ந்துகொள்கின்றன. இரத்த அழுத்தத்துக்கும் கால்வீக்கத்துக்கும் தரப்படும் சில சிறுநீர்பெருக்கி மாத்திரைகளும், இதய நோயாளருக்குத் தரப்படும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை உயர்த்தக் கூடியவை. ஆயினும் அவற்றைத் தாமாக நிறுத்துவது உயிராபத்தை விளைவிக்கலாம். மாற்று மருந்து உண்டா என மருத்துவரிடம் கேட்பதே முறை.

ஆண்களையே இந்நோய் அதிகம் பாதிக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரஜன் சுரப்பு ஓரளவு பாதுகாப்பளிக்கிறது. அதன் பின்னர் அவர்களுக்கும் வாய்ப்பு உயர்கிறது. ஆகவே கௌட் என்றால் குடித்து உண்டு களித்தவரின் நோய் என்று ஏளனமாகக் கருதுவது தவறு. மதுவைத் தொடாதவரும், சைவ உணவே உண்பவரும் இதற்கு ஆளாகின்றனர். வெட்கம் காரணமாக நோயை மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

கவனிக்காது விட்டால் தாக்கங்கள் அடிக்கடி வரும். பல மூட்டுகளுக்குப் பரவும். விரல்களிலும் முழங்கையிலும் காதுமடலிலும் சுண்ணக்கட்டி போன்ற முடிச்சுகள் தோன்றும். மூட்டெலும்பு அரிக்கப்பட்டு நிலையான ஊனம் நேரலாம். சிறுநீரகக் கற்களும் உண்டாகலாம்.

தாக்கம் வந்த நாளில் செய்ய வேண்டியவை

முதலாவது, மூட்டுக்கு ஓய்வு. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, போர்வை படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சுமார் 20 நிமிடங்கள் வைத்தெடுப்பது வலியையும் வீக்கத்தையும் தணிக்கும். மூட்டுவலி என்றதும் எண்ணெய் காய்ச்சிப் பூசி உருவுவதும், சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் நம் வீடுகளில் வழக்கம். ஏற்கெனவே அழன்று சூடேறியிருக்கும் கௌட் மூட்டுக்கு இவை பொருந்தா.

இரண்டாவது, மருத்துவரை விரைவில் காண்பது. அழற்சியைத் தணிக்கும் மருந்துகளை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு விரைவில் பயன் கிட்டும். கொல்கிசின், ஐபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த அழற்சி நீக்கிகள், பிரெட்னிசொலோன் ஆகிய மூன்றில் நோயாளரின் உடல்நிலைக்கு ஏற்றதை மருத்துவர் தெரிவு செய்வார். ஐபுப்ரோஃபென் மருந்தகங்களில் சீட்டின்றிக் கிடைக்கிறது என்பதற்காக அது எல்லோருக்கும் பாதுகாப்பானதாகிவிடாது. சிறுநீரக நோய், இதய நோய், இரைப்பைப்புண் உள்ளோருக்கு அது தீங்கு செய்யக்கூடும்.

மூன்றாவது, எச்சரிக்கை. மூட்டு வீங்கிச் சூடேறியிருப்பதுடன் காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் அது கிருமித்தொற்றாகவும் இருக்கலாம். அந்நிலையில் அன்றே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நாட்கணக்கில் வீட்டில் காத்திருந்தால் மூட்டை இழக்க நேரிடலாம்.

உணவு: எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

உணவு பற்றிப் பரவியுள்ள அறிவுரைகளில் சில காலாவதியானவை. 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 2004இல் வெளியானது. இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோருக்கு கௌட் வரும் வாய்ப்பு அதிகமாயிருந்தது. கொழுப்புக் குறைந்த பாலுணவுகளை உண்டோருக்கு அவ்வாய்ப்பு குறைந்தது. பியூரின் நிறைந்த மரக்கறிகளால் வாய்ப்பு உயரவில்லை. ஆகவே பருப்பு, பயறு, கீரை, காளான் ஆகியவற்றை முற்றாக ஒதுக்க வேண்டுமென்ற பழைய அறிவுரையைப் பின்பற்றத் தேவையில்லை. சைவ உணவாளருக்கு இவையே புரதத்தின் முதன்மை ஊற்று என்பதால் இது முக்கியமான செய்தி.

குறைக்க வேண்டியவை:

• ஈரல், சிறுநீரகம், மூளை போன்ற உள்ளுறுப்புகள், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி.
• நெத்தலி, சாளை போன்ற சிறுமீன்கள். இறால், நண்டு, கணவாய். மீனும் நண்டும் இறாலும் ஒருங்கே சேரும் ஒடியற்கூழைத் தாக்கம் அடிக்கடி வருவோர் தவிர்ப்பது நலம். ஏனையோர் அரிதாகவும் சிறிதளவாகவும் உண்ணலாம்.
• மது, சிறப்பாக பியர். அதில் மதுசாரத்துடன் பியூரினும் உண்டு.
• சீனி சேர்த்த மென்பானங்களும் பழச்சாறுப் பொதிகளும். இவற்றிலுள்ள ஃபுருக்டோஸ் யூரிக் அமிலத்தைப் பெருக்கும். மதுவை விட்டுவிட்டு மென்பானத்துக்கு மாறுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

சேர்த்துக்கொள்ளத் தக்கவை:

• கொழுப்புக் குறைந்த பால், தயிர், உப்பு மிகாத மோர்.
• மரக்கறி, முழுத்தானியம், பருப்பு வகைகள்.
• போதிய நீர். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் கோடை வெப்பம் கடுமையானது; பென்றித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 பாகை செல்சியஸ் பதிவாகியது. உடலில் நீர் வற்றுவது தாக்கத்தைத் தூண்டும். இதய நோய் அல்லது சிறுநீரக நோய் காரணமாக நீரின் அளவு வரையறுக்கப்பட்டோர் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

விரதமும் கவனத்துக்குரியது. கந்தசஷ்டி போன்ற விரதங்களின்போது உணவோடு நீரையும் தவிர்ப்பதும், உடல் மெலிவதற்காகத் திடீரெனப் பட்டினி கிடப்பதும் யூரிக் அமிலத்தை உயர்த்தும். விரதத்தைக் கைவிட வேண்டியதில்லை. நீரும் பாலும் பழமும் கொண்டு எவ்வாறு நோற்கலாம் என முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிவது போதும். உடல் எடையை மெதுவாகக் குறைப்பதே நன்மை தரும்.

இவையெல்லாம் பயனுள்ளவை. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் யூரிக் அமிலம் சிறிதளவே குறையும். கடுமையான பத்தியம் இருந்தும் தாக்கம் மீண்டும் வந்தால் அது நோயாளரின் குற்றமன்று. அவரது சிறுநீரகங்களின் இயல்பு அது.

கைவைத்தியங்களின் மதிப்பு

செர்ரிப் பழம்: 633 கௌட் நோயாளரைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2012இல் வெளியானது. செர்ரி உண்ட இரண்டு நாட்களில், உண்ணாத நாட்களைவிடத் தாக்கம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு குறைவாயிருந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் மாத்திரையோடு செர்ரியும் சேர்ந்தபோது அது 75 விழுக்காடு குறைந்தது. இது அவதானிப்பு ஆய்வேயன்றி முடிந்த நிரூபணமன்று. ஆயினும் பழமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அது உணர்த்துகிறது. நியூ சவுத் வேல்ஸின் யங், ஒரேஞ்ச் பகுதிகளில் விளையும் செர்ரி கோடையின் தொடக்கத்தில் கடைகளுக்கு வரும். நீரிழிவு உள்ளோர் அளவறிந்து உண்ண வேண்டும்.

உயிர்ச்சத்து சி: யூரிக் அமிலத்தைச் சிறிதளவு குறைக்கலாம். கௌட் நோயாளருக்கு அந்த அளவு போதாது. மாத்திரையாகப் பேரளவில் உட்கொள்வது சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கலாம். நெல்லி, கொய்யா, தோடை ஆகியவற்றை உணவாக உண்பதே சிறந்தது.

வெந்தயம், இஞ்சி, மஞ்சள், முடக்கொத்தான்: சமையலில் சேரும் அளவில் இவற்றால் பொதுவாகக் கேடில்லை. மனதுக்கும் உடலுக்கும் இதம் தரும். ஆனால் யூரிக் அமிலத்தைத் தேவையான அளவுக்கு இறக்கிவைக்கும் என்பது மனிதரில் நிறுவப்படவில்லை. மஞ்சளைச் செறிவூட்டி மாத்திரையாக உட்கொள்வது வேறு விடயம். அத்தகைய மருந்துகளால் அரிதாக ஈரல் பாதிப்பு நேரலாம் என அவுஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் எச்சரித்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் குறிப்பாகக் கவனமாயிருக்க வேண்டும்.

அப்பச்சோடா கரைத்த நீர்: இதில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோருக்கு இது ஏற்றதன்று.

இயற்கையானது யாவும் தீங்கற்றது அல்ல

கௌட் தாக்கத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் கொல்கிசின் தாவரத்திலிருந்து பெறப்படுவது. தமிழர் நன்கறிந்த கார்த்திகைப்பூச் செடியிலும் அதே பொருள் உண்டு. செங்காந்தள் என இலக்கியம் போற்றும் அச்செடியின் கிழங்கு கலப்பைக்கிழங்கு என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் வழங்கும். தமிழ்நாட்டில் அதன் விதைக்காகவே பயிரிடப்பட்டு, கொல்கிசின் தயாரிப்புக்கு ஏற்றுமதியாகிறது. அதே கிழங்கை உண்டதால் இலங்கையில் பலர் இறந்துள்ளனர். இச்செடி நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து கரையோரங்களில் களையாகவும் வளர்கிறது.

மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் அளந்து தரும்போது மருந்தாகும் பொருள், அளவறியாது கிழங்காக உண்ணும்போது நஞ்சாகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் தோன்றும். பின்னர் உடலுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். ஆகவே கௌட்டுக்கென யார் சொன்னாலும் இக்கிழங்கை உட்கொள்ளலாகாது. கொல்கிசின் மாத்திரையையும் சீட்டில் உள்ள அளவுக்கு மேல் ஒன்றேனும் கூட்டலாகாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளோடு அது சேர்ந்தால் ஆபத்து என்பதால், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருந்தாளரிடம் சொல்ல வேண்டும்.

ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் பற்பம், செந்தூரம், பெயரற்ற மூலிகை உருண்டை ஆகியவற்றிலும் கவனம் தேவை. சிலவற்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியன காணப்பட்டுள்ளன. ஈயம் சிறுநீரகங்களைப் பாதித்து யூரிக் அமில வெளியேற்றத்தைத் தடுக்கிறது. அதனால் ஈயமே கௌட்டை உண்டாக்கும். நோயைத் தீர்க்க வாங்கிய உருண்டை நோயை வளர்ப்பதாகவும் முடியலாம். வேறு சில மூட்டுவலி உருண்டைகளில் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் அறிவிக்கப்படாமலே கலக்கப்பட்டிருந்தன. அவுஸ்திரேலியாவில் முறையாக விற்கப்படும் இத்தகைய மருந்துப் பொதிகளில் ‘ஆஸ்ட் எல்’ அல்லது ‘ஆஸ்ட் ஆர்’ என்ற எழுத்துகளோடு ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ‘ஆஸ்ட் எல்’ எண் அப்பொருள் பட்டியலிடப்பட்டுள்ளது என்பதைக் காட்டுமேயன்றி, அது நோயைத் தீர்க்கும் எனச் சோதித்து உறுதி செய்யப்பட்டதற்குச் சான்றாகாது.

நெடுங்காலச் சிகிச்சை

அடிக்கடி தாக்கம் வருவோர், முடிச்சுகள் தோன்றியோர், சிறுநீரகப் பாதிப்பு அல்லது சிறுநீரகக் கல் உள்ளோர் ஆகியோருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து பரிந்துரைக்கப்படும். அவற்றுள் முதன்மையானது அலோபியூரினோல். இது வலிநிவாரணி அன்று. நாள்தோறும் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியது. குறைந்த அளவில் தொடங்கி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, மருத்துவர் படிப்படியாக அளவைக் கூட்டுவார்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். தொடக்க மாதங்களில் படிகங்கள் கரையும்போது தாக்கம் மீண்டும் வரலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என எண்ணி அதை நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் அது மருந்து வேலை செய்வதன் விளைவு. அதைத் தடுக்கவே முதல் சில மாதங்களுக்கு வேறொரு மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது. தாக்கத்தின் நடுவிலும் அலோபியூரினோலைத் தொடர வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: உடலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ தோன்றினால் மாத்திரையை உடனே நிறுத்தி அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

பரிசோதனை எண்களைப் படிக்கும் முறை

சிகிச்சை பெறுவோரின் யூரிக் அமிலம் லீற்றருக்கு 0.36 மில்லிமோலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. முடிச்சுகள் உள்ளோருக்கு அது 0.30க்குக் கீழ் வைக்கப்படும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த அறிக்கைகளில் இது டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை 0.06ஆல் பெருக்கினால் ஏறக்குறைய இங்குள்ள எண் கிடைக்கும். அங்கே 6 என்பது இங்கே 0.36, அங்கே 8 என்பது இங்கே 0.48. தாக்கத்தின்போது எடுக்கும் பரிசோதனையில் எண் வழமையாகவும் தோன்றலாம். எனவே வலி அடங்கி இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிப்பது அவசியம்.

மருத்துவரைக் காணச் செல்லும்போது

உட்கொள்ளும் மாத்திரை, மூலிகை, கசாயம் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்வது சிறந்தது. கைவைத்தியம் செய்வதை மறைக்க வேண்டியதில்லை. அதை அறிந்தால்தான் மருத்துவர் பாதுகாப்பான மருந்தைத் தெரிவு செய்ய இயலும். பின்வரும் வினாக்களை எழுதி வைத்துக்கொள்ளலாம்:

• இது கௌட் என்பது உறுதியா, வேறு மூட்டு நோயா?
• யூரிக் அமில அளவு இப்போது எவ்வளவு? இலக்கு எவ்வளவு?
• மற்ற மாத்திரைகளில் எதுவும் அதை உயர்த்துகிறதா?
• சிறுநீரகங்களின் நிலை எவ்வாறு உள்ளது?
• அடுத்த தாக்கம் வந்தால் வீட்டில் முதலில் எதை உட்கொள்ள வேண்டும்?

ஆங்கிலத்தில் உரையாடத் தயங்குவோர் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டியதில்லை. சந்திப்பைப் பதிவு செய்யும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. மெடிக்கேர் சலுகைக்குரிய மருத்துவச் சந்திப்புகளுக்கு மருத்துவர்கள் இச்சேவையைக் கட்டணமின்றிப் பெற முடியும். மருந்தகங்களும் இதைப் பெறலாம்.

பயன்தரும் வேறு எண்கள்: எந்நேரமும் தாதியருடன் பேச ஹெல்த்டைரக்ட் 1800 022 222, நஞ்சுத் தகவல் மையம் 13 11 26, உயிராபத்தான அவசர நிலையில் 000.

தொடக்கத்தில் கூறப்பட்டவர் மோரையும் முடக்கொத்தான் இரசத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை. வலி நீங்கிய பத்தாம் நாளை நோயின் முடிவாகக் கொள்ளாமல், மேலும் இரண்டு வாரங்களில் இரத்தப் பரிசோதனைக்குச் செல்வாராயின், அடுத்த விருந்துக்குப் பின்னரும் அவர் அமைதியாக உறங்க வாய்ப்புண்டு.

இக்கட்டுரை பொது அறிவுக்கானது. தனிப்பட்ட மருத்துவ ஆலோசனைக்கு இது மாற்றாகாது.